பதினைந்தாம் அதிகாரத்துக்குப் பிறகு

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில், சிப்காட் தொழிற்சாலைகளின் மதில்களை அடுத்து இருக்கிறது செம்மங்குப்பம். பேருந்துப் பயணிகள் பலருக்கு அந்த ஊர் ஒரு வாடையாக மட்டுமே அறிமுகம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஆலப்பாக்கம் வரும்வரை காத்திருப்பார்கள். பதினெட்டு ஆண்டுகளாக அவ்வழியே கல்லூரிக்குப் போய்வரும் எங்களுக்கும் அது பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. அங்கே எங்களுக்கு மிக வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு ஆண்டுகள் நாங்கள் அந்த நிறுத்தத்தில் இறங்கவில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. காலை உணவுக்கு அமர்ந்த நேரத்தில் தொலைக்காட்சியில் ஊரின் பெயர் ஓடியது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற வேன் ஒன்று செம்மங்குப்பம் ரயில்வே கேட்டைக் கடக்கையில், விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை சென்ற பயணிகள் ரயில் மோதிவிட்டது. மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். உதவ ஓடிவந்தவர்களில் ஒருவர், அறுந்து கிடந்த மின்கம்பியால் தாக்குண்டு காயமடைந்தார்.

எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அக்கா. அவருடைய மூத்த மகனுக்கு ஒரு பெண்குழந்தை உண்டு. பள்ளிக்குப் போகும் வயது. கைப்பேசியில் அவருடைய எண்ணைத் தேடி அழைத்தோம். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்றது ஒரு குரல். அது எப்போது பயன்பாட்டிலிருந்து போனது என்றுகூட எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிற்பகலில் இறந்த பிள்ளைகளின் விவரங்கள் வெளியாயின. அக்கா வீட்டுக் குழந்தை அல்ல. நாங்கள் மூச்சை வெளியே விட்டோம். விட்ட மறுகணமே அந்த மூச்சை எண்ணிக் கூசினோம். யாருடைய பிள்ளை அல்ல என்று தெரிந்து நாங்கள் ஆறுதல் அடைந்தோமோ, அவர் எங்கள் வீட்டுக்கு யார் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

*

எங்கள் அம்மா 2013-ஆம் ஆண்டு பக்கவாதத்தில் விழுந்தார். இடப்பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. பேச்சு குழறலாக மீண்டது. அடுத்த ஆறு ஆண்டுகள் அவரைப் பார்த்துக்கொள்ளச் செம்மங்குப்பத்திலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு வந்து இரவு ஏழு மணிக்குத் திரும்பியவர் அக்கா. அம்மாவைப் 'பெரியம்மா' என்றும், எங்களைத் 'தம்பி' என்றும் அழைப்பார். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவது, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிவிட்டு வாயோரம் துடைப்பது எல்லாம் அவர்தான். பிள்ளைகளாகிய நாங்கள் மாதச் சம்பளம் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் கட்டிலருகே அமர்ந்து வேதம் வாசித்தோம்.

அக்கா கிறிஸ்தவர் அல்லர். அவருடைய தந்தை சன்மார்க்கி. தைப்பூசம் தோறும் வடலூருக்கு நடந்தே போனவர். ஒரு நாள் நாங்கள் லாசருவின் கதையை அம்மாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா இடையிட்டுச் சொன்னார்:

"எங்கப்பாவ எரிக்கல பெரியம்மா. பொதைச்சோம். வடலூர் ஐயா அப்பிடித்தான் சொல்லியிருக்காராம். செத்தவங்க எழுந்து வருவாங்களாம்."

அம்மா கோணிய வாயால் சிரித்தார். "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே நாளுதான் எழுந்திருப்போம் போல" என்றார். அதன்பின் அவர்களுக்குள் அது ஒரு வழக்கமான கேலியாகிவிட்டது. அம்மா காலையில் கண் திறக்கத் தாமதித்தால், "இன்னிக்கே எழுந்துக்கலாம் பெரியம்மா, அந்த நாளு வரைக்கும் காத்திருக்க வேணாம்" என்பார் அக்கா.

அக்கா கேள்விப்பட்டது வெறும் கர்ணபரம்பரைக் கதை அன்று. 1823-இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்க வள்ளலார், இறந்தவரை எரிக்கக் கூடாது, அடக்கம் செய்யவேண்டும் என்று வலியுறுத்தியவர். அருட்பெருஞ்ஜோதியின் வருகையில் இறந்தவர் எழுவர் என்று தம்மைச் சார்ந்தோருக்கு உறுதியளித்தவர். மரணமிலாப் பெருவாழ்வு என்பது அவருடைய சொல். கடலூர் மாவட்டத்துக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள், உயிர்த்தெழுதல் பாலஸ்தீனத்திலிருந்து தரங்கம்பாடி வழியாகக் கப்பலில் வந்த செய்தி என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள். பக்கத்து ஊரில், நம் மொழியில், வேறொரு ஞானி வேறொரு வழியில் அதே வாசலைத் தட்டியிருக்கிறார் என்பதை முறையாகத் தமிழ் படித்தும் நாங்கள் பொருட்படுத்தியதில்லை. வேலைக்கு வந்த பெண்மணியின் வாயிலாகத்தான் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அம்மா 2019 ஜனவரியில் இறந்தார். கடைசியாகக் குளிப்பாட்டியதும் அக்காதான். நாங்கள் வெளியே நாற்காலிகளுக்கும் பெட்டிக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அவர் தனியே அந்த உடலோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

*

எங்கள் சபையில் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று விடியுமுன்னர் கல்லறைத் தோட்டத்தில் கூடுவது வழக்கம். 1732-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் மொரேவிய சபை இளைஞர் சிலர் கல்லறைக் குன்றில் கூடிப் பாடியதே இத்தகைய விடியல் ஆராதனைகளுக்குத் தொடக்கம் என்பார்கள். இருளில் மெழுகுவத்திகளுடன் நின்று, கிழக்கு வெளுக்கும்போது பாடுவோம். அம்மாவை அடக்கம் செய்த அவ்வாண்டு நாங்கள் மிகுந்த உருக்கத்தோடு பாடினோம். அம்மா எழுவார் என்று நம்பினோம். இன்றும் நம்புகிறோம்.

தமிழாசிரியர்கள் ஆகையால் அந்தச் சொல்லிலேயே எங்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. உயிர்த்தல் என்றால் பழந்தமிழில் மூச்சுவிடுதல். நெட்டுயிர்ப்பு என்பது பெருமூச்சு. ஆக, உயிர்த்தெழுதல் என்பது ஆன்மா எங்கோ மேலே போய்விடுவதைக் குறிக்கும் சொல் அன்று. மூச்சுவிட்டு, காலூன்றி, எழுந்து நிற்பதைக் குறிக்கும் சொல். திருக்குறளின் நிலையாமை அதிகாரம் உடலுக்கும் உயிருக்கும் உள்ள உறவை, முட்டையைத் தனியே விட்டுவிட்டுப் பறந்துபோகும் பறவையின் உறவாகக் காட்டுகிறது. நம் மரபில் ஆழப் பதிந்த உவமை அது. சுவிசேஷங்கள் சொல்வதோ இதற்கு மாறானது. பறவை கூட்டையும் கைவிடவில்லை என்கின்றன அவை. உயிர்த்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்புகள் இருந்தன. சீடர்கள் ஆவி என்று அஞ்சியபோது அவர் உண்பதற்கு ஏதேனும் உண்டா என்று கேட்டு, பொரித்த மீனை வாங்கி அவர்கள் முன் உண்டார். பின்னொரு விடியலில் கரிநெருப்பு மூட்டி, இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்களுக்குக் காலை உணவு சமைத்து வைத்திருந்தார்.

தமிழ் இலக்கணத்தின் மொழியில் சொன்னால் அது உயிர்மெய். உயிர் தனித்தும் ஒலிக்கும். மெய்க்கு உயிர் வேண்டும். இரண்டும் கலந்தே நம் மொழியின் பெரும்பாலான எழுத்துகள். மெய் என்ற சொல்லுக்கு உடம்பு என்றும் உண்மை என்றும் இரு பொருள் வைத்த மொழி நம்முடையது. மெய்யான நம்பிக்கை என்று சபையில் அடிக்கடி சொல்வோம். உண்மையான நம்பிக்கை என்ற பொருளில்தான் சொல்வோம். உடம்பு உடைய நம்பிக்கை என்ற மற்றொரு பொருளும் அதற்குள் உறங்குவதை நாங்கள் வெகுநாள் கவனிக்கவில்லை.

*

இனி, சொல்லக் கூசுவதைச் சொல்லவேண்டும்.

அம்மாவின் மூன்றாம் நாள் ஜெபக்கூட்டம் முடிந்த இரவில், அக்காவின் கைகளைப் பற்றிக்கொண்டு நாங்கள் ஒரு வாக்குக் கொடுத்தோம். அவருடைய கடைசி மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. செவிலியர் படிப்புக்கு ஆசைப்பட்டாள். "அவள் படிப்பு எங்கள் பொறுப்பு அக்கா" என்றோம். சாட்சிகள் இருந்தார்கள். யாரோ 'ஆமென்' என்றும் சொன்னார்கள்.

அவள் சேர்ந்த தனியார் கல்லூரிக்கு முதலாண்டுக் கட்டணம் கட்டினோம். அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. பொதுமுடக்கத்தால் 2020 ஏப்ரல் 12-ஆம் தேதி உயிர்த்தெழுந்த ஞாயிறன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போகமுடியாமல் வீட்டிலேயே மெழுகுவத்தி ஏற்றினோம். எங்கள் வருமானம் அந்த ஆண்டு பாதியானது உண்மை. வீட்டுக்கடன் இருந்ததும் உண்மை. அக்கா இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். முதல் முறை, "பார்க்கிறோம் அக்கா" என்றோம். இரண்டாம் முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை அவர் அழைக்கவில்லை. வருமானம் சீரானபின், இவ்வளவு நாள் கழித்து என்ன முகத்தோடு போவது என்று தயங்கினோம். பிறகு தயக்கம் பழக்கமாயிற்று. பழக்கம் மறதி போலத் தோற்றம் கொண்டது.

இந்த ஆறு ஆண்டுகளில் ஒரு உயிர்த்தெழுந்த ஞாயிறைக்கூட நாங்கள் தவறவிட்டதில்லை. 2025 ஏப்ரல் 20-ஆம் தேதி விடியலிலும் அம்மாவின் கல்லறைமேல் மல்லிகைச் சரம் சார்த்தி, மரணம் தோற்றது என்று பாடினோம். மறுநாள் திங்கட்கிழமை, வழக்கம்போலச் செம்மங்குப்பத்தைப் பேருந்தில் கடந்தோம்.

முதல் உயிர்த்தெழுதலின் செய்தி யாருக்கு முதலில் கிடைத்தது என்று எல்லாக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் தெரியும். கல்லறைக்குப் போன பெண்களுக்கு. அவர்கள் ஏன் போனார்கள் என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. வாசனைத் தைலங்களோடு ஓர் உடலுக்குச் செய்யவேண்டிய கடைசிப் பணியைச் செய்யப் போனார்கள். தத்துவம் பேசப் போகவில்லை. நம்பிக்கையை அறிக்கையிடவும் போகவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெண்களின் வேலையைச் செய்தவர் அக்கா. அம்மா எழுந்திருப்பார் என்று நம்பிய நாங்கள், அம்மாவின் உடலைத் தாங்கிய கைகளைத்தான் இறந்தவற்றோடு சேர்த்துப் புதைத்துவிட்டிருந்தோம்.

*

விபத்து நடந்த அந்த வாரம் முழுவதும் ஊர் துக்கத்தில் இருந்தது. எங்கள் கைப்பேசிகளுக்கும், வானத்தில் மூன்று புதிய விண்மீன்கள், தேவதூதர்கள் என்றெல்லாம் எழுதிய படங்கள் வந்தன. அனுப்பியவர்களில் எங்கள் சபையாரும் இருந்தார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு நம்முடைய நம்பிக்கையை நாமே எடுத்து ஊட்டிவிட முடியாது. அவர்கள் கேட்காத ஆறுதலைச் சொல்வது, அவர்களுடைய அழுகையைச் சீக்கிரம் நிறுத்தச் சொல்வதற்கு ஒப்பாகும். லாசருவை எழுப்பப் போகிறவர்கூட, எழுப்புமுன் கல்லறையருகே அழுதார் என்றுதான் யோவான் எழுதுகிறார். நாங்கள் எந்தப் படத்தையும் யாருக்கும் அனுப்பவில்லை. அதைத் தவிர அந்த வாரத்தில் நாங்கள் சரியாகச் செய்தது, ஞாயிற்றுக்கிழமை ஜூலை 13 அன்று மாலை செம்மங்குப்பத்தில் இறங்கியது.

வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று பேரை விசாரிக்க வேண்டியிருந்தது. அக்கா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வியப்பில்லை, கோபமும் இல்லை.

"வாங்க தம்பி. புள்ளைக்கு ஒன்னும் இல்ல. அது டவுன் பஸ்ஸுல இல்ல போவுது" என்றார். நாங்கள் கேட்காமலே எங்கள் கேள்விக்குப் பதில் சொன்னார். பிறகு கீரைத் தட்டை நகர்த்தி உட்கார இடம்விட்டு, "பெரியம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சீங்களா இந்த வருசம்?" என்று கேட்டார்.

நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். எப்படிக் கேட்டோம் என்பதை இங்கே எழுதுவது அழகன்று. அவர் மறுத்தோ தேற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. காப்பி போட உள்ளே போனார். திண்ணையில் எங்களோடு அவருடைய மகள் இருந்தாள். இருபத்துநான்கு வயதாகிறது. செவிலியர் படிப்பு முதலாண்டோடு நின்றுவிட்டது. கடலூரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். 'நிற்கிறாள்' என்பது அவளே சொன்ன சொல். காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை நிற்கும் வேலை.

கட்டத் தவறிய பணத்தைத் தந்துவிடுகிறோம் என்று தொடங்கினோம். அவள் நடுவிலேயே தடுத்தாள். "இப்ப எதுக்கு சார் அதெல்லாம்?" குரலில் மரியாதை இருந்தது, மன்னிப்பு இருக்கவில்லை. இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க எங்களுக்கு உரிமையும் இல்லை. சற்று நேரம் பேச்சற்று இருந்தோம். பிறகு பேச்சை மாற்றும் பொருட்டு அவளே சொன்னாள், முதல்நாள்தான் குரூப் 4 தேர்வு எழுதிவிட்டு வந்ததாக. கடையில் ஒருநாள் விடுப்புக் கேட்டு, சம்பளத்தில் பிடித்தம் செய்துகொள்ளச் சொல்லி எழுதினாளாம்.

"ஜி.கே. எப்படியோ சமாளிச்சிட்டேன். தமிழ்தான் சார் கவுத்துடுச்சு."

இருநூறு கேள்விகளில் நூறு தமிழுக்கு உரியவை. தமிழ்ப் பகுதியில் நாற்பது விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றப் பகுதி கணக்கிலேயே வராது. இதை எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. கல்லூரியில் நாங்கள் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்வது. முதுகலைத் தமிழ் படித்து, அதைக் கற்பித்துச் சம்பளம் வாங்கும் ஒரு வீட்டாருக்கும், தமிழில் தோற்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே ஒரு பேருந்துச் சீட்டின் தூரம் இருந்தது. ஆறு ஆண்டுகள் அதை நாங்கள் கடக்கவில்லை.

*

அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கல்லறைத் திருநாளையொட்டி எங்கள் சபையில் எங்களைச் சில நிமிடங்கள் பேசச் சொன்னார்கள். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். எங்கள் ஊர் அடக்க ஆராதனைகளில் தவறாமல் வாசிக்கப்படும் பகுதி. உயிர்த்தெழுதலைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் உள்ள மிக நீண்ட விவாதம் அதுதான். இறந்தோர் எழுவதில்லை என்றால் கிறிஸ்துவும் எழவில்லை, அவர் எழவில்லை என்றால் நம் நம்பிக்கை வீண் என்று பவுல் அதில் அடுக்கிக்கொண்டே போகிறார். விதைக்கப்படும் தானியத்தையும் முளைக்கும் பயிரையும் காட்டுகிறார். கடைசியில் மரணத்தையே கேலிசெய்து கூவுகிறார். எங்கள் அடக்க ஆராதனைகளில் அங்கே நிறுத்திவிடுவோம், பெட்டி இறங்கும்.

ஆனால் அந்த அதிகாரம் அங்கே முடியவில்லை. கடைசி வசனத்தில் பவுல் திடீரெனத் தரையில் இறங்கி, ஆகையால் உங்கள் உழைப்பு வீண்போகாது, உறுதியாய் நின்று வேலையைச் செய்யுங்கள் என்ற பொருளில் முடிக்கிறார். அதைத் தயாரித்துக்கொண்டிருந்த இரவில் பக்கத்தைப் புரட்டினோம். பதினாறாம் அதிகாரத்தின் முதல் வரி காணிக்கைப் பணத்தைப் பற்றியது. எருசலேமில் இருந்த ஏழைகளுக்காக, வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்கேற்ப எடுத்துவைக்க வேண்டும் என்று பவுல் கணக்குச் சொல்கிறார்.

வேதாகமத்தை அதிகாரங்களாகப் பிரித்தது 13-ஆம் நூற்றாண்டில். கி.பி. 50-களில் அந்தக் கடிதத்தை எழுதிய பவுலுக்குப் பதினைந்தும் இல்லை, பதினாறும் இல்லை. மரணத்தை வென்ற முழக்கத்திலிருந்து உண்டியல் பெட்டிக்கு அவர் ஒரே மூச்சில் வந்திருக்கிறார். கொரிந்துப் பட்டணத்தார், தாங்கள் முகம் பார்த்திராத எருசலேம்வாசிகளுக்குச் சோறு போடவேண்டும். அதுவும் ஒருமுறை உணர்ச்சிவசப்பட்டு அல்ல, வாரந்தோறும். வாரத்தின் முதல் நாள் என்று அவர் குறிப்பதும் உயிர்த்தெழுதலின் கிழமையேதான். பின்னால் வந்தவர்கள் நடுவே ஒரு கோடு போட்டார்கள். நாங்கள் அந்தக் கோட்டிலேயே நின்றுவிட்டோம்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் மற்றக் கதைகளும் வேறுமாதிரித் தெரிகின்றன. யவீருவின் மகளை எழுப்பியபின் இயேசு கொடுத்த கட்டளைகளில் ஒன்று, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பது. லாசருவைக் கல்லறைக்கு வெளியே அழைத்தவர் அவர்; ஆனால் கட்டுகளை அவிழ்க்கும் வேலையைச் சுற்றி நின்றவர்களிடம் விட்டார். எழுப்புவது நம்மால் ஆகாது. ஊட்டுவதும் அவிழ்ப்பதும் நம்மால் ஆகும். அவை நம்மிடமே விடப்பட்டிருக்கின்றன.

தமிழ் மரபிலும் இது அந்நியமானதன்று. மயிலாப்பூரில் பாம்பு தீண்டி இறந்து, சாம்பலாகிக் குடத்தில் இருந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் அழைத்த பதிகத்தைத் தமிழ் மாணவர்கள் அறிவார்கள். அவர் அந்தப் பெண்ணுக்கு மோட்சத்தைச் சொல்லி அழைக்கவில்லை. மயிலையின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமல் போய்விடுவாயா என்று அழைத்தார். முதற்பாட்டில் வருவது அடியார்க்கு அமுது படைக்கும் காட்சி. வள்ளலாரோ இன்னும் வெளிப்படையானவர். இறந்தவர் எழுவர் என்று சொன்ன அவர், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். ஞானசபை எழுந்தது அதற்குப் பின்னர், 1872-இல். முதலில் அடுப்பு, பிறகுதான் ஜோதி. அந்த அடுப்பு இன்றும் அணையாமல் காக்கப்பட்டு, பசித்து வருகிறவர்களுக்குச் சோறு தருகிறது.

இந்த நம்பிக்கைகள் எல்லாம் ஒன்று என்று நாங்கள் சொல்லவரவில்லை. சம்பந்தரின் சைவமும் வள்ளலாரின் சன்மார்க்கமும் எங்கள் கிறிஸ்தவமும் தத்தம் வழியுடையவை. அவற்றைக் கரைத்து ஒரே குழம்பாக்குவது மூன்றுக்கும் செய்யும் மரியாதை ஆகாது. ஆயினும் சாவு கடைசிச் சொல் அன்று என்று எங்கே சொல்லப்பட்டாலும், அதன் அருகிலேயே ஓர் அடுப்பு எரிகிறது. அடுப்பில்லாத இடத்தில் அந்தச் சொல்லை நாம் ஐயத்தோடு பார்க்கலாம். எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகள் மெழுகுவத்தி எரிந்தது. அடுப்பு எரியவில்லை.

இவற்றையெல்லாம் சபையில் சொன்னோம். அக்காவைப் பற்றியும், எங்கள் வாக்கைப் பற்றியும் சொன்னோம். அன்று 'ஆமென்' சொன்னவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் அவர் எங்களிடம் எதுவும் பேசாமல் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

*

ரயில்வே கேட்டுகளில் இருவகை உண்டு என்பதை அந்த விபத்துக்குப் பின்னரே அறிந்துகொண்டோம். இன்டர்லாக்கிங் செய்யப்பட்ட கேட்டில், கதவு மூடிப் பூட்டப்பட்டாலன்றி ரயிலுக்குச் சிக்னல் பச்சை காட்டாது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. அது இல்லாத கேட்டில் ரயில் வருவதை நிலையத்திலிருந்து தொலைபேசியில் தெரிவிப்பார்கள். கேட்டைக் காப்பவர் மூடவேண்டும். சிக்னல் தன் போக்கில் பச்சை காட்டும். கதவு தன் போக்கில் திறந்தோ மூடியோ இருக்கும். செம்மங்குப்பம் கேட் அப்போது இரண்டாம் வகையில் இருந்தது. விபத்தைத் தொடர்ந்து கேட்டுகளில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தவும் இன்டர்லாக்கிங்கை விரிவாக்கவும் ரயில்வே அமைச்சர் உத்தரவிட்டார். மூன்று பிள்ளைகளின் உயிருக்குப் பிறகு.

ஒரு பேரிழப்பை உவமையாக எடுத்தாள எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அதைப் படித்தபோது எங்கள் நெஞ்சு சொன்னதை மறைப்பதற்கும் இல்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் இடையே அந்தப் பிணைப்பு இருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பச்சை விளக்கு ஆண்டுதோறும் எரிந்தது. வாரநாளின் கதவு என்ன நிலையில் இருக்கிறது என்று அது எப்போதும் கேட்டதில்லை.

இப்போது ஞாயிறு தோறும் மாலை நான்கு மணிக்குச் செம்மங்குப்பத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் தமிழ் வகுப்பு நடக்கிறது. அக்காவின் மகளும் அதே தெருவைச் சேர்ந்த மூன்று பெண்களும் வருகிறார்கள். பிரித்தெழுதுக, எதிர்ச்சொல், இலக்கணக் குறிப்பு, நூலும் ஆசிரியரும். துணிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை மாலை விடுப்பு வாங்க அவள் வேறொரு நாளில் கூடுதல் நேரம் நிற்கிறாள். ஏற்காத பணத்தை நாங்கள் அவள் பெயரில் அஞ்சலகத்தில் போட்டிருக்கிறோம். கணக்குப் புத்தகம் அக்காவின் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. அவள் இன்னும் அதைக் கையால் தொடவில்லை. எங்களோடு அவள் பேசுவது பாடத்தைப் பற்றி மட்டுமே. இது போதும் என்றும் நாங்கள் சொல்லமாட்டோம், போதாது என்று சலித்துக்கொள்ளவும் மாட்டோம். மூன்றாம் நாளே எல்லாம் எழுந்துவிடுவதில்லை.

இடையில் இரண்டு ஞாயிறுகள் நாங்கள் தவறியும் போனோம். ஒருமுறை உறவினர் திருமணம். மற்றொருமுறை வெறும் சோம்பல். சோம்பலுக்கு மறுவாரம் காரணம் சொல்ல முயன்றபோது அக்கா குறுக்கிட்டார். "இன்னா தம்பி, பெரியம்மா எழுந்து வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உயிர்த்தெழுதலைப் பற்றி நாங்கள் கேட்ட பிரசங்கங்களில் அவ்வளவு நேராக எதுவும் எங்களைத் தைத்ததில்லை.

சென்ற வாரம் உயிர்மெய்யை மறுபடி நடத்த வேண்டியிருந்தது. புணர்ச்சி விதி புரிய அது அடிப்படை. உடம்படுமெய் வரை வந்துவிட்டோம். இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் நின்றால் சேரமாட்டா. நடுவில் ஒரு மெய் வந்து அவற்றை உடன்படுத்த வேண்டும். 'மணி'யும் 'அடித்தது'வும் சேர யகரம் வருவதைப் பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது. நான்கு பெண்களும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தார்கள். திண்ணையோரம் இருந்த அக்காவும் எழுந்து நின்று, பேத்தி எங்கே என்று தெருவை எட்டிப் பார்த்தார். ரயில் கடந்து போகும்வரை யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு பாடத்தைத் தொடர்ந்தோம்.